தெரு வெளுக்கும் நேர்ச்சை

ஊரில் ஜெனிஸ்டனுக்கு வைத்த பெயர் கிருமி. ஞானஸ்நானத்தில் வைத்த பெயரைச் சொல்லி இப்போது கோயில் சாமியார் ஒருவர்தான் கூப்பிடுகிறார். மற்றவர்களுக்கு அவன் கிருமி ஜெனிஸ்டன், அவசரத்தில் வெறும் கிருமி. வலை இழுத்த கை இப்படி ஊர்க் கழிவுத் தண்ணிக்குக் காவல் இருக்கிறதே என்று ஆரம்பத்தில் உச்சுக்கொட்டினார்கள். உச்சுக்கொட்டி அலுத்த பிறகு சிரிக்க ஆரம்பித்தார்கள். நம் ஊர்களில் ஒருவன் புதிதாக ஒன்றைத் தொட்டால் இந்த இரண்டும் அவனுக்கு இலவசமாகக் கிடைக்கும்.

தாமிரபரணி கடலில் விழுகிற இடத்துக்குக் கொஞ்சம் தெற்கே, மணல் மேட்டின் மேல் இருக்கிறது சின்னமுனை. மீன்பிடிக்கிற கத்தோலிக்கக் குடும்பங்கள்தான் எல்லாமே. ஒவ்வொரு வீட்டுக் குளியலறை, குசினி, கக்கூஸ் தண்ணீரையும் தெருவுக்கு அடியில் குழாய் போட்டுக் கூட்டிவந்து, சுத்தம் செய்து விடுகிற தொட்டி ஒன்றை, மாதா சுரூபம் வைத்த கல் குகையான கெபிக்குப் பின்னால் கட்டினார்கள். திறப்பு விழா அன்று பொறியாளர் செந்தில்முருகன் எல்லோருக்கும் புரியும்படிதான் சொன்னார். "இதுல வேலை பாக்கப்போறது மோட்டார் இல்ல. கண்ணுக்குத் தெரியாத கிருமிங்க. தண்ணியில உள்ள அழுக்க அதுங்கதான் தின்னு தீர்க்கும். அதுங்களுக்கு மூச்சுவிடக் காத்து அடிச்சுக் குடுக்கத்தான் மோட்டார்."

ஊர்க் கமிட்டித் தலைவர் பவுல்ராஜ் எழுந்து, பக்கத்தில் நின்ற ஜெனிஸ்டனைக் காட்டிக் கேட்டார்: "அப்ப இந்தப் பய கிருமி வளக்கப்போறானா?"

பந்தலே சிரித்தது. பெயர் அன்றைக்கு ஒட்டியதுதான்.

அவன் ஏன் அந்த வேலைக்குப் போனான் என்று தெரிந்தவர்களும் சிரித்தார்கள், ஆனால் அவன் எதிரே சிரிக்கமாட்டார்கள். அவனுடைய மூத்த பிள்ளை அன்சிலா. தொட்டி வருவதற்கு முன்னால் ஊர்க் கழிவெல்லாம் ஒரு மண் ஓடை வழியாகக் கழிமுகத்துக்குப் போகும். அந்த ஓடை ஊத்துக்கிணற்றை உரசிக்கொண்டு போகும். மணல் பூமி, ஓடையில் போவது கிணற்றுக்குள் வராமல் எங்கே போகும்? குடிக்க லாரியில் கேன் தண்ணீர் வரும், மற்ற எல்லாவற்றுக்கும் கிணறு. எந்தத் தண்ணீர் எதற்கு என்று பெரியவர்களுக்குத் தெரியும். விளையாடிக் களைத்து வந்த பிள்ளைக்குத் தெரியுமா? வாளியில் இருந்ததைக் கோரிக் குடித்தாள். வாந்தியும் பேதியுமாக ஆரம்பித்து, திருநெல்வேலிக்குக் கொண்டுபோகிற வழியிலேயே அடங்கிவிட்டாள்.

அடக்கம் முடிந்ததும் அவன் பெண்டாட்டி டெல்பின் திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் இருக்கிற தன் அண்ணன் வீட்டுக்குப் போனாள். போன இடத்தில்தான் மறுபடி உண்டாகியிருப்பது தெரிந்தது. ஆண்பிள்ளை, அங்கேயே பிறந்தது. ஜெனிஸ்டன் போய்ப் பார்த்துவிட்டு, வீட்டுக்கு வா என்று கூப்பிட்டான். அவள் அழவும் இல்லை, சண்டை போடவும் இல்லை.

"அந்தத் தண்ணி கிடக்குத ஊருக்கு இவனக் கொண்டு வரமாட்டேன். தண்ணிய நல்லாக்கிட்டு என்னக் கூப்பிடுங்க" என்றாள்.

ஒரு மனுசனிடம் கேட்கிற காரியமா அது? ஆனால் அவன் சரி என்றுதான் சொன்னான். கடலுக்குப் போவதை விட்டான். யாருமே வேண்டாம் என்று ஒதுங்கிய தொட்டி வேலையைக் கேட்டு வாங்கினான்.

நல்ல நிலையில் இருக்கிற தொட்டிக்கு என்று ஒரு வாசம் உண்டு. சொன்னால் நம்பமாட்டீர்கள், கோடை மழைக்குப் பிறகு தோட்டத்து மண்ணில் வருமே, கிட்டத்தட்ட அது. தண்ணீர் காப்பிப்பொடி நிறத்தில் கொப்பளித்துக்கொண்டிருக்கும். ஒரு கண்ணாடி ஜாடியில் மொண்டு வைத்தால், பழுப்பெல்லாம் பஞ்சு பஞ்சாகக் கீழே இறங்கி, மேலே தெளிந்த தண்ணீர் நிற்கும். அந்தப் பஞ்சுதான் உயிர் என்று செந்தில்முருகன் காட்டிக்கொடுத்திருந்தார். தினமும் விடிந்ததும் ஜெனிஸ்டன் ஜாடியோடுதான் நிற்பான். பஞ்சு இறங்குகிற வரைக்கும் பார்த்துக்கொண்டே இருப்பான். காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியில் கை வைத்துப் பார்க்கிற மாதிரிதான்.

ஓடை காய்ந்தது. அதில் ஆட்டுக்காலடம்பு படர்ந்து பூத்தது. கிணற்றுத் தண்ணீரைச் சுகாதாரத்துறையில் எடுத்துப்போய்ச் சோதித்துவிட்டு, ஒரு குறையும் இல்லை என்றார்கள். அன்றைக்கே டெல்பினுக்குப் போன் போட்டான்.

"தண்ணி நல்லாருக்கு."

"நெசமாவா?"

"நெசமாத்தான். நானே குடிச்சேன்."

"அப்ப திருவிழாவுக்கு வாரேன். வந்து இருந்துக்கிடுதேன்" என்றாள்.

இங்கே திருவிழாவைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். கொரோனா வந்த காலத்தில், தெருவெல்லாம் பிளீச்சிங் பவுடர் போட்டால்தான் சப்பரம் எடுக்கவிடுவோம் என்று அதிகாரிகள் சொல்லிவிட்டார்கள். போட்டார்கள். வெள்ளைவெளேர் என்று கிடந்த தெருவில் மாதாவின் சப்பரம் மிதந்து வந்ததைப் பார்த்து, ஊரே மெய்மறந்து நின்றது. அந்த வருசம் பக்கத்து ஊர்களில் சாவு விழுந்தது, சின்னமுனையில் விழவில்லை. அவ்வளவுதான், அது மாதாவுக்குப் பிடித்த காரியம் என்று ஆகிவிட்டது. அடுத்த வருசம் அதிகாரிகள் கேட்கவில்லை, ஊரே போட்டது. அதற்கடுத்து, சுகமில்லாதவர்கள் மூட்டைக்கணக்கில் நேர்ந்துகொள்ள ஆரம்பித்தார்கள். மெழுகுதிரி, உப்பு, மிளகு வரிசையில் பிளீச்சிங் பவுடரும் நேர்ச்சையாகிப்போனது. திருவிழா முடிந்த காலையில் பெண்கள் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றித் தெருவைக் கழுவிவிடுவார்கள்.

முன்பெல்லாம் கழுவிய தண்ணீர் கடலுக்குப் போனது. இப்போது தெருவுக்கு அடியில் குழாய் இருக்கிறது, தெருவில் ஊற்றுவதும் அதில் இறங்கித் தொட்டிக்குத்தான் வரும். கிருமியைக் கொல்லுகிற பொடி அது, தொட்டியில் நல்ல கிருமி, கெட்ட கிருமி என்று பார்க்குமா? செந்தில்முருகன் முதல் நாளே எச்சரித்திருந்தார். ஜெனிஸ்டன் சாமியாரிடம் சொல்லி, ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து ஊர்க்காரர்களிடம் பேசினான். பவுல்ராஜ் முகத்தைச் சுளித்தாலும் ஒத்துக்கொண்டார். இந்தத் தடவை பொடி வேண்டாம், கடற்கரையிலிருந்து வெள்ளை மணல் அள்ளி விரிப்போம் என்று முடிவானது.

இதையெல்லாம் அவன் டெல்பினிடம் போனில் சொல்லவில்லை. சொல்லத் தோன்றவில்லை. அவள் வருகிறாள் என்பதிலேயே அவன் தலைகால் புரியாமல் இருந்தான். சுவருக்கு வெள்ளையடித்தான், பரணில் கிடந்த தொட்டிலை இறக்கிக் கழுவிக் காயவைத்தான்.

சப்பரத்தன்று மத்தியானம் அவளுடைய அண்ணனின் லோடு ஆட்டோ வந்து வாசலில் நின்றது. முன்னால் டெல்பினும் மடியில் பிள்ளையும். பின்னால் துணிப்பெட்டி, பாத்திரம், அதற்கும் பின்னால் வெள்ளைச் சாக்கு மூட்டைகள். மூட்டையைப் பார்க்கும் முன்பே அவனுக்கு வாசம் வந்துவிட்டது, கண்ணைக் கரிக்கிற அந்த வாசம்.

"இது என்னத்துக்கு?" என்றான்.

"மாதாவுக்கு நேந்தது" என்றாள் அவள், பிள்ளையை அவன் கையில் கொடுத்துக்கொண்டே. "இவன் வயித்துல கொடி சுத்திக் கிடந்தான். ரெண்டுல ஒண்ணுதான் தேறும்னுட்டாவ. நம்ம தெருவ கெபியிலருந்து கோயில் வரைக்கும் வெளுத்துத் தாரேன், இவனக் குடுத்துருங்கன்னு கேட்டேன். குடுத்துட்டாவ."

ஜெனிஸ்டன் பிள்ளையைப் பார்த்தான். அது அவன் சட்டைப் பொத்தானைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது.

"டெல்பின், இத இங்கன போடக்கூடாது. கழுவுனா தொட்டிக்குத்தான் போவும். தொட்டியில உள்ளது செத்துரும்" என்றான் பைய.

"என்னது செத்துரும்?"

"கிருமி."

அவள் அவனை ஒரு மாதிரி பார்த்தாள். "கிருமிதானே, சாவட்டும். கிருமியாலதானே நம்ம பிள்ள போச்சு."

"அது வேற, இது வேற."

"நேந்துட்டேங்க" என்றாள். "வாக்குக் குடுத்து வாங்குன பிள்ள. வாக்க மாத்திட்டு, நாளைக்கு இவனுக்கு ஒண்ணுன்னா நீங்க பதில் சொல்லுவியளா?"

அவனிடம் பதில் இருந்தது. அவள் உள்ளே போனாள், குசினியில் அடுப்பைப் பற்றவைத்தாள், எங்கே எது இருக்கிறது என்று கேட்காமலே டப்பாக்களைத் திறந்தாள். இத்தனை நாள் சத்தமற்றுக் கிடந்த வீட்டுக்குள் பாத்திரச் சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்துக்கு முன்னால் அவன் என்னதான் பேசுவான்? ஒரு வீட்டுப் பொடிதானே, தொட்டி தாங்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

ஒரு வீட்டுப் பொடியை ஒருவேளை தாங்கியிருக்கும். ஆனால் டெல்பின் முந்தானையைச் செருகிக்கொண்டு தெருவில் பொடி தூவுவதை எதிர்வீட்டு ஜாய்சி பார்த்தாள். அவளுக்கும் ஒரு நேர்ச்சை பாக்கி இருந்தது. "கிருமி வீட்டுலயே போடுதாவ, நமக்கு மட்டும் என்ன தடை?" என்று சத்தமாகவே கேட்டாள். கட்டிலுக்கு அடியிலிருந்தும் படகுக் கொட்டகையிலிருந்தும் மூட்டைகள் வெளியே வந்தன. ஊர் வாயால்தான் சரி என்றிருக்கிறது, மனசால் சொல்லவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. பொழுது சாய்வதற்குள் விரித்த மணல் தெரியாத அளவுக்குத் தெரு வெளுத்துவிட்டது.

சப்பரம் வந்தது. டெல்பின் முழங்காலில் நின்று, இரண்டு கையையும் விரித்து அழுதாள். ஜெனிஸ்டன் மகனைத் தோளில் வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றான். அந்த நேரத்தில் அவன் சந்தோசமாக இருந்தான். அதை மறைத்து என்ன ஆகப்போகிறது? பெண்டாட்டி பிள்ளையோடு மறுபடி சப்பரம் பார்ப்போம் என்று அன்சிலா போன நாளில் அவன் நினைத்ததே இல்லை.

அப்போதும் ஒரு வழி இருந்தது. தொட்டிக்கு வருகிற குழாயில் ஒரு வால்வு உண்டு. தெருவைக் கழுவுகிற நேரத்தில் அதைத் திருப்பிவிட்டால், தண்ணீர் தொட்டிக்கு வராமல் பழைய ஓடையில் போய்விடும். தொட்டி பிழைத்துக்கொள்ளும். ஆனால் கழுவுகிற தண்ணீரோடு ஊர்க் கக்கூஸ் தண்ணீரும் சேர்ந்து கிணற்றுப் பக்கம் போகும். மறுநாள் காலையில் ஜெனிஸ்டன் வால்வில் கையை வைத்துக்கொண்டு நின்றான். கெபி மறைவிலிருந்து பார்த்தால் கிணற்றடி தெரியும். டெல்பின் அங்கே மகனைக் குளிப்பாட்ட வாளியில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தாள். அவன் கையை எடுத்துவிட்டான்.

தொட்டி ஒரேயடியாகச் சாகவில்லை. முதலில் நுரை வெள்ளையாகப் பொங்கியது. பிறகு காப்பிப்பொடி நிறம் வெளிறி, சோறு வடித்த கஞ்சி மாதிரி ஆனது. ஜாடியில் மொண்டு வைத்தான். பஞ்சு கட்டவில்லை. கலங்கல் கலங்கலாகவே நின்றது, எவ்வளவு நேரம் பார்த்தாலும் நின்றது. மண்வாசம் போய், அழுகின முட்டை நாற்றம் கிளம்பியது.

செந்தில்முருகனுக்குப் போன் செய்தான். அவர் வந்து எட்டிப் பார்த்ததுமே கேட்டார்: "பிளீச்சிங் பவுடர் போட்டுட்டாங்களா?"

"ஆமா சார்."

"தடுக்க முடியலையா?"

ஜெனிஸ்டன் தரையைப் பார்த்தான். அவர் திட்டவில்லை. நல்ல மனிதர், கையில் அதிகாரம் ஒன்றும் இல்லாதவர். வேறு தொட்டியிலிருந்து உயிருள்ள சேறு கொண்டுவந்து ஊற்றினால்தான் இது பிழைக்கும், அதற்கு அனுமதி வாங்க வேண்டும், லாரி வேண்டும், மழை முடியும் வரை யாரும் அசையமாட்டார்கள் என்றார். அதுவரைக்கும் சாணியும் வெல்லமும் கரைத்துவிட்டுப் பார்க்கச் சொன்னார். அவருக்கே நம்பிக்கை இல்லை என்பது குரலில் தெரிந்தது.

சின்னமுனையில் மாடு ஏது? சாத்தான்குளம் பக்கம் போய் வீடு வீடாகச் சாணி கேட்டு, மைத்துனன் லோடு ஆட்டோவில் அள்ளிக்கொண்டு வந்தான். கையாலேயே கரைத்துத் தொட்டியில் விட்டான். போகிற வருகிறவர்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். "கிருமிக்கு இன்னைக்கு அசனச் சோறு போடுதான்லே" என்று எவனோ சொன்னான். தொட்டி எதையும் வாங்கிக்கொள்ளவில்லை. போட்டது மேலே மிதந்து அதுவும் அழுகியது.

டெல்பின் ஒருநாள் கேட்டாள். மகனுக்குக் கஞ்சி ஆற்றிக்கொண்டே, தலையைத் தூக்காமல் கேட்டாள். "நான் போட்ட பொடியாலயா?"

கேட்ட விதத்திலேயே அவனுக்கு எல்லாம் புரிந்தது. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். தன் கையால் நன்றி செலுத்தப்போய்த் தன் கையாலேயே பிள்ளையின் தண்ணீரைக் கெடுத்தோம் என்று அவள் சாகும்வரை சுமப்பாள். ஒரு பிள்ளையைக் குழியில் வைத்தவள் தலையில் இதையுமா ஏற்றுவது?

"சே, அதெல்லாமில்ல. மோட்டார் மக்கர் பண்ணிட்டு. திருவிழா நேரம், நான் சரியாக் கவனிக்கல" என்றான்.

அவள் பெருமூச்சு விட்டாள். அது ஆறுதலா, வருத்தமா என்று அவனுக்குத் தெரியவில்லை.

ஊருக்கும் அந்தக் கதைதான் வசதியாக இருந்தது. கிருமியைக் கொல்லுகிற மருந்து ஒரு தொட்டியைக் கெடுக்கும் என்று யார் நம்புவார்கள்? அதுவும் மாதாவுக்குப் போட்டது. பெண்டாட்டி வந்த மயக்கத்தில் கிருமி வேலையைக் கோட்டைவிட்டுவிட்டான் என்பது எல்லோருக்கும் எளிதாக விளங்கியது.

ஐப்பசி மழை இறங்கியதும் தொட்டி வழிந்தது. தாழ்ந்த வீடுகளில் கக்கூஸ் குழாய் எதுக்களித்தது. பவுல்ராஜ் கமிட்டி ஆட்களோடு வந்து நின்றார்.

"வால்வ ஓடைக்குத் திருப்பிவிடும்வே" என்றார்.

"மாமா, கிணறு கெட்டுப்போவும்."

"வீட்டுக்குள்ள பீத்தண்ணி வருது, நீரு கிணத்தப் பேசுதீரு. இத்தன வருசமா ஓடையில போன தண்ணிதானே. யாரு செத்தா?"

சொன்ன பிறகுதான் அவருக்கு உறைத்தது. கூட வந்தவர்கள் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். அவர் ஜெனிஸ்டன் தோளைத் தொடப்போய், கையை மடக்கிக்கொண்டார். "நான் அத நினச்சுச் சொல்லலப்பா" என்றார். ஆனால் திருப்பவேண்டாம் என்று சொல்லவில்லை.

வேறு ஆள் திருப்பியிருந்தால்கூட மனசு கொஞ்சம் ஆறியிருக்கும். வால்வு இறுகியிருந்தது, அதைத் திருப்பத் தெரிந்தவன் அவன் ஒருவன்தான். திருப்பினான். அடம்புக்கொடியை மூழ்கடித்துக்கொண்டு கறுப்புத் தண்ணீர் ஓடையில் இறங்கியது. அது கிணற்றைத் தாண்டிப் போகிறவரைக்கும் அவன் பார்த்துக்கொண்டு நின்றான், பிறகு ஒரு கல்லின்மேல் உட்கார்ந்து அழுதான். மழையில் அது யாருக்கும் தெரியவில்லை.

ஒரு வாரம் டெல்பின் கேன் தண்ணீரிலேயே குளிப்பாட்டினாள், பாத்திரமும் அதிலேயே கழுவினாள். மழையில் லாரி வராத நாளும் வந்தது. அதற்கு மறுநாள் பிள்ளைக்கு வயிறு இளகிப் போனது. பல் முளைக்கிற நேரம், அதனால்கூட இருக்கலாம். அவள் அதை யோசித்துக்கொண்டு நிற்கவில்லை. துணிப்பெட்டியை எடுத்து வெளியே வைத்தாள்.

"இது பல்லுக்குக்கூட இருக்கும்" என்றான் அவன்.

"அன்சிலாவுக்கும் நீங்க வெயிலுக்குன்னுதான் சொன்னிய."

மகனைத் தூக்கிக்கொண்டு பஸ் நிறுத்தம் வரை நடந்தான். டெல்பின் குடையை அவர்கள் இரண்டு பேர் மேலும் பிடித்துக்கொண்டு, தான் நனைந்துகொண்டே வந்தாள்.

"உங்களக் குறை சொல்லல" என்றாள் நடந்துகொண்டே. "நீங்க பாக்குத வேலைய நம்பித்தானே வந்தேன். திருவிழாவுல ஒருநாள் மோட்டாரப் போய்ப் பாத்திருக்கலாம். ஒரே ஒரு நாள்."

"ஆமா. பாத்திருக்கணும்" என்றான் ஜெனிஸ்டன்.

"அந்த வேலைய விட்டுட்டு நீங்களும் வந்துருங்க. வண்ணார்பேட்டையில ஏதாவது கடையில நிக்கலாம்."

அவன் தலையை ஆட்டினான். ஆமாம் என்றா, இல்லை என்றா என்று அவனுக்கே தெரியாது. தொட்டியை இப்படியே போட்டுவிட்டுப் போனால் அன்சிலா வயசுப் பிள்ளைகள் தெருவில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று அவன் மனசு ஓடிக்கொண்டிருந்தது. இருந்தும் தன்னால் ஒன்றும் செய்ய முடியாது என்பதும் அவனுக்குத் தெரியும்.

திருநெல்வேலி பஸ் வந்தது. பிள்ளையை வாங்கிக்கொண்டு ஏறி, ஜன்னல் ஓரம் உட்கார்ந்தாள். கண்டக்டர் விசில் ஊதப்போகிற நேரத்தில் அவசரமாகத் தலையை வெளியே நீட்டினாள். முகம் கொஞ்சம் தெளிந்திருந்தது. அவள் திரும்பி வந்த நாளில் இருந்த தெளிவு அது.

"காலையில கெபிக்குப் போயி மாதாகிட்ட சொல்லிட்டு வந்திருக்கேன். தொட்டி சரியாவி, அடுத்த திருவிழாவுக்கு நாங்க வீட்டுக்கு வந்துட்டா, நம்ம தெரு மட்டுமில்ல, ஊரு முச்சூடும் வெளுத்துத் தாரேன்னு நேந்திருக்கேன். மாதா கைவிடமாட்டாவ. நீங்களும் செபம் பண்ணுங்க."

அவன் வாயைத் திறந்தான். ஜன்னல் கம்பியை அவள் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அவன் சொல்லப்போவதற்காகக் காத்திருந்தாள்.

"பண்ணுதேன்" என்றான்.